கைதட்டல் வாங்கிய அலை

எங்கள் இயக்குநரின் கழுத்தில் எப்போதும் ஒரு பித்தளை விசில் தொங்கும். ஒருமுறை ஊதினால் நடிப்பு தொடங்கும். மறுமுறை ஊதும்வரை யாரும் நிறுத்தக் கூடாது. காலில் முள் குத்தினாலும் நிறுத்தக் கூடாது. மேடை வேண்டாம், வசனம் வேண்டாம், உடம்பே போதும் என்று சொன்ன நாடகக்காரர் அவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே பாறைகள் கடலுக்குள் இறங்கும் ஓரிடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களைப் பழக்கினார். நான் அப்போது திருப்போரூரில் தட்டச்சு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். என்னைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் அப்பா அண்ணனைத் துணைக்கு அனுப்பினார். கல்பாக்கத்துக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஒப்பந்தப் பேருந்தின் ஓட்டுநர் அவன். மணலில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வந்தவன்மேல் இயக்குநரின் கண் விழுந்தது. ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன அந்தக் கைகளை விரித்துக்கொண்டு அவன் சும்மா நின்றாலே பார்ப்பவர்கள் கண்ணெடுக்க மாட்டார்கள். கதாநாயகி என்ற பெயர்தான் எனக்கு, நாடகம் அவனுடையது.

கடலுக்குப் போன படகு திரும்பாததால், ஒரு குடும்பம் தண்ணீரில் நின்றபடி காத்திருப்பதுதான் கதை. அதைப் படம் பிடிக்கச் சென்னையிலிருந்து ஓர் ஒளிப்பதிவாளர் வந்தார். அன்று காலையிலிருந்தே கடல் சரியில்லை. இடுப்பளவு ஆழத்தில் நின்ற அண்ணன் திரும்பிக் கத்தினான்.

"தண்ணி இழுக்குது சார். இன்னிக்கு வாணாம்."

இயக்குநர் சிரித்தார். "இந்த பயம்தான் எனக்கு வேணும். அப்படியே முகத்துல வச்சுக்கோ" என்று சொல்லி விசிலை ஊதினார்.

அடுத்து வந்த அலை அண்ணனைத் தூக்கிப் பாறையில் அடித்தது. கரையோரம் நின்ற நான் அவனை நோக்கி ஓடினேன். அப்போது எனக்குப் பின்னால் இயக்குநர் ஒளிப்பதிவாளரிடம் சொன்னது தெளிவாகக் கேட்டது. "நிறுத்தாத, ஓடட்டும்." இன்னோர் அலையும் அவன்மேல் மோதிய பிறகுதான் விசில் கேட்டது.

இடுப்பெலும்பு உடைந்து செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் அண்ணன் மாதக்கணக்கில் கிடந்தான். எழுந்தபோது இடது காலால் கிளட்சை மிதிக்க முடியவில்லை. இயக்குநர் ஒருநாளும் வந்து பார்க்கவில்லை. அதையாவது மன்னித்திருப்பேனோ என்னவோ. கேட்டவர்களிடமெல்லாம் அவர், "குடிச்சிட்டு தண்ணியில இறங்கிட்டான், நான் என்ன பண்றது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் வாழ்நாளில் குடித்ததில்லை. பேருந்து முதலாளி எங்கள் வீட்டு வாசலில் நின்று, "காலு போனா இன்னா, ஷெட்டுல எதுனா வேலை குடுக்கலாம்னுதான் இருந்தேன். குடிகாரன வச்சிகினு இன்னா பண்றது?" என்று கைவிரித்துவிட்டுப் போனார். அண்ணனுக்குப் பேசி வைத்திருந்த பெண்ணின் வீட்டாரும் அதையே சொல்லி விலகிக்கொண்டார்கள். அண்ணன் யாரிடமும் வாதாடவில்லை. வெளியே போவதை நிறுத்திக்கொண்டான்.

அந்த ஒரு பொய்யை நான் நெஞ்சுக்குள் வைத்து வளர்த்தேன். இயக்குநரைப் பற்றிப் பத்திரிகையில் வந்ததையெல்லாம் ஒரு வரி விடாமல் படித்தேன். அவர் வாங்கிய ஒவ்வொரு பாராட்டும் எனக்குத் தீனி. அவர் இறந்த செய்தி வந்த அன்று அழுதேன். துக்கத்தில் அல்ல, நான் கேட்பதற்குமுன் தப்பித்துப் போய்விட்டாரே என்ற ஆத்திரத்தில்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, அவருடைய சீடர் ஒருவர் செங்கல்பட்டில் ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்து, குருவின் நாடகப் படங்களை மூன்று மாலைகள் திரையிட்டார். இரண்டாம் மாலை எங்கள் கடல் படம். முடிந்ததும் கதாநாயகி என்ற முறையில் நான் புகழ்ந்து பேச வேண்டும். சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன். அண்ணனை ஆட்டோவில் அழைத்துப்போய் முன்வரிசையில் உட்காரவைத்தேன்.

அந்த அலையைத் திரையில் மெதுவாக ஓடவிட்டு, மேலே வயலின் சேர்த்திருந்தார்கள். அண்ணன் பாறையில் மோதியபோது மண்டபமே கைதட்டியது. அண்ணன் தன் இடுப்பைக் கையால் பிடித்துக்கொண்டான்.

நான் மேடையேறினேன். "இப்ப நீங்க கைதட்டினது நடிப்புக்கு இல்ல. எங்க அண்ணன் இடுப்பு உடைஞ்சதுக்கு. அதோ உக்காந்திருக்காரு" என்றேன். சீடர் மைக்கைப் பிடுங்க வந்தார். நான் விடவில்லை. ஓரமாக உட்கார்ந்திருந்த ஒளிப்பதிவாளரைப் பார்த்துக் கேட்டேன். "நீங்க சொல்லுங்க சார். எங்க அண்ணன் அன்னிக்கு குடிச்சிருந்தாரா?"

அவர் எழுந்து நின்றார். தலை நரைத்திருந்தது. "இல்லம்மா. தண்ணி இழுக்குதுன்னு அவர் சொன்னாரு. நிறுத்தாதன்னு டைரக்டர் சொன்னாரு. நானும் நிறுத்தல."

கைதட்டிய கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஜனங்கள் கலைந்தார்கள். இயக்குநரின் மாலை போட்ட புகைப்படம் மேடையில் தனியாக நின்றது. அதைப் பார்த்தபோது எனக்குள் பரவிய இனிப்பை நான் மறைக்க விரும்பவில்லை. அவருடைய மனைவி என்னைக் கடந்து போகையில் அழுதுகொண்டிருந்தார். அதுவும் என்னை அசைக்கவில்லை.

மறுநாள் காலை சீடர் வீட்டுக்கு வந்தார். கூடவே ஒளிப்பதிவாளரும். படச்சுருள் தன்னுடையது, அண்ணன் சொல்கிறபடி செய்வதாக ஒளிப்பதிவாளர் சொன்னார். சீடர் அண்ணன் எதிரே தரையில் உட்கார்ந்து கெஞ்சினார். "படத்துல உங்க பேரை முதல்ல போட்டுடறோம் சார். மன்னிப்பும் எழுதிப் போடறோம். படத்தை மட்டும் விட்டுடுங்க."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அண்ணன் கையை உயர்த்தி நிறுத்தினான். இத்தனை வருடங்களில் அவன் குரலில் அப்படி ஒரு நிதானத்தை நான் கேட்டதில்லை.

"பேரு வாணாம்பா. அந்த அலைய மட்டும் வெட்டிடு."

சீடர் பதறினார். "ஐயோ, அது இல்லாம படமே இல்ல சார்!"

"தெரியும்," என்றான் அண்ணன். "வெட்டிடு."