மேல் குசினியும் என் ஒரே ஜக்கெற்றும்

“...உந்த ஜக்கெற்றோட மட்டும் போகாதையும் பிள்ளை, வாசலிலயே நிப்பாட்டிப்போடுவாங்கள்,” என்றார் வீட்டுக்கார அன்ரி, தாச்சியில் கத்தரிக்காயைப் புரட்டிக்கொண்டே.

நான் கதவுப் பிடியில் கை வைத்தபடி நின்றேன். பதினொரு மணிக்கு நேர்முகம். நான் கல்லூரியில் மின்வேலை படித்துக்கொண்டிருந்தேன். நான்கு மாதம் ஒரு நிறுவனத்தில் பயிற்சி எடுக்காவிட்டால் படிப்பு முடியாது. படிப்பு முடியாவிட்டால், படிக்க வந்த இந்த நாட்டில் நிற்க முடியாது. வகுப்பில் எல்லோருக்கும் இடம் கிடைத்துவிட்டது. என்னை இரண்டு இடங்களில் வேண்டாம் என்றுவிட்டார்கள். இது மூன்றாவது.

மோர்னிங்சைட் பகுதியில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு இரண்டு குசினி. மேலே இருப்பது பார்ப்பதற்கு. வெள்ளைக் கல் பதித்த மேடை, எண்ணெய்ச் சொட்டு அறியாத அடுப்பு. அதில் தேநீர் மட்டும் வைப்பார்கள். பொரியல், தாளிப்பு, மீன் எல்லாம் கீழே பேஸ்மென்ற் என்ற நிலவறையில், என் அறைக் கதவிலிருந்து நாலடி தள்ளி நின்ற பழைய அடுப்பில். எங்கள் சனத்தின் எத்தனையோ வீடுகளில் இப்படித்தான். மேல் வீடு மணக்கக்கூடாதென்று கீழே பொரிப்பார்கள். கீழே ஒருத்தி குடியிருக்கிறாள் என்பது ஒருவருக்கும் ஞாபகம் வராது.

அன்ரி கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பொரித்ததில் முதல் பங்கு எனக்குத்தான். அவர் வாயிலிருந்து விழுவதை நான் கொப்பியில் எழுதி வைப்பேன். முதல் பனியைப் பார்த்து, “வானத்துக்குப் பொடுகு, பிள்ளை,” என்றவர். வீட்டைச் சூடாக்கும் இயந்திரத்தை, “உது கிழட்டு மாமனார் மாதிரி, இருமிக்கொண்டேதான் வேலை செய்யும்,” என்பார்.

பொரியல் மணம் என் ஒரே குளிர் ஜக்கெற்றில் ஏறாமலிருக்க நான் கண்ட வழி குப்பைப் பை. கறுத்தப் பைக்குள் அதைப் போட்டு, வாயை இறுக முடிந்து, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவேன். முதல்நாள் ஈரப்பனியில் நனைந்து வந்ததால், காயட்டும் என்று அறைக் கதவில் கொளுவிவிட்டு மறந்துபோனேன். காலையில் அன்ரி இறங்கி வந்து கத்தரிக்காயும் மோர்மிளகாயும் பொரிக்கத் தொடங்கினார். நான் குளித்துவிட்டு வரும்போது ஜக்கெற் ஒரு முழுச் சாப்பாடாகியிருந்தது.

“என்ர மகளின்ர கோட் மேல கிடக்கு. எடுத்துத் தாறன், போட்டுக்கொண்டு போம். வாசமாயும் இருக்கும்.”

நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனாலும் எனக்குள் என்னவோ ஏறிவிட்டது. மூன்று மாதமாக பஸ்ஸில் ஆளில்லாத இருக்கையாகத் தேடி உட்கார்ந்தவள் நான். வகுப்பில் எல்லோரும் கதிரையில் கொளுவ, என்னுடையதை மடித்துக் காலடியில் ஒளித்தவள்.

“வேண்டாம் அன்ரி. நான் இதோடதான் போறன்.”

“விசர்க்கதை கதையாதையும். மணக்குது.”

“ஓம், மணக்குது. ஆர் பொரிச்சது?”

அகப்பை நின்றது. “நான்தான் பொரிச்சன். அதுக்கு?”

“நான் வயர் பூட்டிக் காட்டப் போறன் அன்ரி. என்ர கையைப் பாக்கட்டும். மணந்து பாக்க நான் என்ன கறியே?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறைக்கத் திரும்பிக்கொண்டார். “வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை.”

“இன்னொண்டு. இனி இஞ்ச பொரிக்கக்கூடாது. மேல அடுப்பு சும்மாதானே கிடக்கு?”

“மேலயோ? என்ர சோபா எல்லாம் மணக்குமே! வாற சனம் என்ன சொல்லும்?”

“என்னைப் பாத்து என்ன சொல்லுதோ, அதையே சொல்லட்டும்.”

சொல்லி முடித்த பிறகுதான் யோசித்தேன். நடுப் பனிக்காலத்தில் அறையைக் காலிசெய் என்றால் எங்கே போவேன்? ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை. ஜக்கெற்றின் சிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டேன்.

அந்த ஜக்கெற்றோடுதான் போனேன். அவர்கள் தந்த மின்பெட்டிக்குள் வயர் பூட்டிக் காட்டினேன், இடமும் கிடைத்தது. ஆனால் இன்றுவரை என் கண்ணுக்குள் நிற்பது நான் வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முந்தைய அந்த நிமிடம்தான்.

அன்ரி அடுப்பை அணைத்தார். இரண்டு பழந்துணிகளால் தாச்சியின் காதுகளைப் பிடித்து, எண்ணெய் தளும்பாமல், ஒவ்வொரு படியாக மேலே ஏறினார். மேல் குசினியின் புகை இழுக்கும் விசிறியைப் போட்டார். அது இரையும் சத்தத்தை அன்றுதான் முதல்முதலாகக் கேட்டேன்.