வெள்ளிக்கிழமை நாடித்துடிப்பு

சென்ற ஆண்டு தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு, ஒரு திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு, சிங்கப்பூர் பிடோக்கில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் நடந்தது இது. நான் செய்த தில்லுமுல்லு ஒன்று இதில் இருப்பதால் நெருங்கிய நண்பர்களிடம்கூட நீண்ட நாள் சொல்லாமல் இருந்தேன்.

எனக்கு அறுபத்திரண்டு வயது. முப்பது வருடமாக லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. அந்தத் திங்கட்கிழமைக்கு இரண்டு மாதம் முன்பு வேலையிடத்திலேயே எனக்கு மாரடைப்பு வந்தது. ரத்தக்குழாய் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். அதன்பிறகு இதயத்தைத் தேற்றுவதற்கான பயிற்சியை மருத்துவமனைக்கு வந்து செய்யலாம், அல்லது வீட்டிலிருந்தே செய்யலாம் என்றார்கள். அலைச்சல் மிச்சம் என்று வீட்டையே சொன்னேன். கையில் கட்டிக்கொள்ள ஒரு வாட்ச் கொடுத்தார்கள். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் நாற்பது நிமிடம் நடக்க வேண்டும். என் நடையையும் நாடித்துடிப்பையும் வாட்ச் பதிந்து வைத்து என் கைப்பேசிக்குக் கொடுக்கும், அங்கிருந்து அது மருத்துவமனையில் ஒரு தாதியிடம், அதாவது நர்ஸிடம், போய்ச் சேரும். அவர் வாராவாரம் திங்கட்கிழமை வீடியோவில் வந்து பேசுவார்.

எனக்கு இதில் துளியும் நம்பிக்கை இல்லை. லிஃப்ட் நின்றுபோனால் ஆள் நேரில் போய்த் திறந்து பார்க்க வேண்டும், மனுஷன் நெஞ்சை மட்டும் போனிலேயே பார்த்துவிடுவார்களா என்று மனைவியிடம் கிண்டல் அடிப்பேன். “உங்க வாய்க்குத்தான் ஒரு அடைப்பும் வர மாட்டேங்குது, எந்திரிச்சுப் போய் நடங்க” என்பாள்.

திங்களும் புதனும் ஒழுங்காக நடந்தேன். வெள்ளிக்கிழமைதான் வம்பு. அன்று காலையில் பழைய கூட்டாளிகள் நாலைந்து பேர் காப்பிக்கடையில் கூடுவார்கள். எனக்கு அந்த அரட்டை வேண்டும். நடக்கவும் வேண்டும். இரண்டும் ஆகிற காரியமாக இல்லை.

மனைவிக்கும் வெள்ளிக்கிழமை ஒரு வேலை இருந்தது. நான் ஐசியுவில் கிடந்த அன்று அவள் வேண்டிக்கொண்டிருக்கிறாள். பன்னிரண்டு வெள்ளிக்கிழமை, லிட்டில் இந்தியாவில் சிராங்கூன் சாலைக் கோயிலில் நூற்றெட்டுச் சுற்று. நான் வீடு திரும்பியதிலிருந்து வாரம் தவறாமல் எம்ஆர்டி ரயில் ஏறிப் போய்ச் சுற்றிவிட்டு வந்துகொண்டிருந்தாள்.

எனக்கு யோசனை உதித்தது அப்போதுதான். ஒரு வெள்ளிக்கிழமை அவள் செருப்பு மாட்டும்போது என் வாட்சைக் கழற்றி அவள் கையில் கட்டினேன்.

“எனக்காகத்தானே சுத்துற? அப்ப அந்த நடையெல்லாம் என் கணக்குலதானே வரணும்?”

“சாமி சன்னதியிலயே பொய்க் கணக்கா?” என்று திட்டினாள். திட்டிக்கொண்டே கையை நீட்டவும் செய்தாள். நான் நிம்மதியாகக் காப்பிக்கடைக்குப் போனேன். இப்படியே ஐந்து வெள்ளிக்கிழமை ஓடியது. வாராவாரம் அவள் திரும்பி வரும் நேரம் மட்டும் தள்ளிக்கொண்டே போனது. கேட்டால், கோயிலில் கூட்டம் என்பாள். வந்ததும் ஓமத் தண்ணீர் குடிப்பாள். வாய்வு என்பாள். நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

அந்தத் திங்கட்கிழமை வீடியோவில் வந்த தாதி சிரிக்கவில்லை. நம் தமிழ்ப் பெண்தான், எப்போதும் கலகலவென்று பேசுபவர். எடுத்த எடுப்பிலேயே, “அங்கிள், வெள்ளிக்கிழமை நடக்கறப்ப நெஞ்சு எப்படி இருக்கு? வலிக்குதா?” என்றார்.

“நல்லா இருக்கேன் லா. ஏன்?”

“நீங்க சாப்பிடற மருந்து துடிப்பை அவ்வளவா ஏற விடாது. மத்த நாள் கரெக்டா இருக்கு. வெள்ளிக்கிழமை மட்டும் மெதுவா நடக்கறப்பவே எகிறுது. முதல் வாரம் பத்து நிமிஷம் விடாம நடந்தீங்க. இப்ப ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவ நிக்கிறீங்க. இன்னிக்குக் காலையில டாக்டர்கிட்ட காட்டிட்டேன். நீங்க இன்னிக்கே வரணும்.”

எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, மாட்டிக்கொண்டோமே என்ற எரிச்சல். “வாட்ச் கெட்டுப் போச்சு போல” என்றேன். அவர் விடவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் கெட்டுப்போகும் வாட்ச் உண்டா அங்கிள் என்று பொறுமையாகக் கேட்டார். பதில் தேடிக்கொண்டு தலையைத் திருப்பினேன்.

சமையலறை வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை சுவரில் ஊன்றியிருந்தது. இன்னொரு கையால் தாடையை அழுத்திப் பிடித்திருந்தாள். முகமெல்லாம் வியர்வை. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். என்னைப் பார்த்து, சொல்லாதீர்கள் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை நின்றது யார் என்று அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. “அது நான் இல்லம்மா. என் வைஃப். அவங்க கையிலதான் கட்டி விட்டேன்” என்று சொல்லிவிட்டேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். “ஆன்ட்டிய நான் பாக்கணும், போனைத் திருப்புங்க” என்றார்.

“ஒண்ணுமில்ல மா, வாய்வு” என்று மனைவி ஆரம்பித்தாள்.

“சாப்பிட்டா வருதா ஆன்ட்டி, நடந்தா வருதா?”

“நடந்தாதான் வருது. நின்னா போயிடும்.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: “இன்னிக்கு நின்னும் போகல. காலையில துணி காயப்போட்டதுலேர்ந்து இருக்கு.”

அதன்பிறகு அந்தப் பெண்ணின் குரலே மாறிவிட்டது. மனைவியை உட்கார வைக்கச் சொன்னார். வீட்டுக் கதவைத் திறந்து வைக்கச் சொன்னார். பதற்றத்தில் என் மாத்திரை டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். உங்கள் மருந்தைக் கொடுக்காதீர்கள் என்று தடுத்தார். இன்னொரு போனில் அவரே ஆம்புலன்ஸுக்குச் சொல்லி, எங்கள் புளோக்கையும் வீட்டு எண்ணையும் என் பதிவிலிருந்து படித்துக் கொடுத்தார். ஆட்கள் வந்து சேரும்வரை இணைப்பைத் துண்டிக்கவே இல்லை. மனைவியிடம் கோயிலைப் பற்றி, எத்தனை வாரம் பாக்கி என்பதைப் பற்றியெல்லாம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

மனைவியின் இதயத்துக்குப் போகும் முக்கியமான ரத்தக்குழாய் கிட்டத்தட்ட மூடியிருந்தது. மறுநாளே பைபாஸ் அறுவை சிகிச்சை. இன்னொரு வெள்ளிக்கிழமையை அவள் தாங்கியிருப்பாளா என்று மருத்துவரிடம் கேட்டேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். நான் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மயக்கம் தெளிந்து அவள் பேச ஆரம்பித்ததும், ஏன் மறைத்தாய் என்று கோபமாகத்தான் கேட்டேன். “ஒரு வீட்டுக்கு ஒரு நோயாளி போதும்னு நினைச்சேன். உங்களுக்கு வேண்டிக்கிட்டத முடிச்சிட்டு அப்புறம் டாக்டர்கிட்ட போகலாம்னு இருந்தேன்” என்றாள். என் நெஞ்சுக்காக வலிக்க வலிக்கச் சுற்றியிருக்கிறாள். நான் அந்த நேரத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். பாக்கியிருந்த வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போய் நான் சுற்றினேன், வாட்சை என் கையிலேயே கட்டிக்கொண்டு.

அடுத்த வீடியோவில் அந்தத் தாதியிடம் மன்னிப்புக் கேட்டேன். “வாட்சை இன்னொருத்தர் கையில கட்டினதுல நீங்க முதல் ஆள் இல்ல அங்கிள். ஆனா உண்மையைச் சொன்னீங்களே, அதான் ஆன்ட்டியைக் காப்பாத்துச்சு” என்றார். அவர் பெருந்தன்மை அது. காப்பாற்றியது அவர்தான். எத்தனையோ நோயாளிகளின் எண்கள் அவர் முன்னால் ஓடும். அதில் ஒரு பொய்யனின் எண்களையும் வரிவரியாகப் பார்த்து, இதில் ஏதோ சரியில்லை என்று கவலைப்பட்டாரே, அதை நினைக்கும்போதெல்லாம் மனம் நெகிழ்கிறது. இன்றுவரை அவரை நேரில் பார்த்ததில்லை. அவர் நன்றாக இருக்க வேண்டும் என்று நானும் மனைவியும் வேண்டாத நாள் இல்லை.

இப்போது மனைவிக்கும் அதே பயிற்சி, அதே தாதி. இருவருக்கும் தனித்தனி வாட்ச். சேர்ந்துதான் நடக்கிறோம். பேச்சில் மட்டும் இன்னும் நான்தான் முந்துகிறேன்.

யோசித்துப் பார்த்தால் ஒன்று மட்டும் இன்னும் குத்துகிறது. அந்த இரண்டு மாதமும் எங்கள் வீட்டுக்கு வந்தவர் போனவர் எல்லோரும் என் உடம்பைப் பற்றியே விசாரித்தார்கள், நானும் சளைக்காமல் பதில் சொன்னேன், பக்கத்தில் காப்பித் தட்டோடு நின்றவளிடம் உனக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. யாரோ ஒரு பெண் எங்கிருந்தோ கேட்ட பிறகுதான், முப்பத்தைந்து வருடம் கூடவே இருந்த நான் கேட்கக் கற்றுக்கொண்டேன்.