ஸ்டூல் கேட்ட கட்டுரை

நாற்பது வயதுக்கு மேல் நான் மறுபடியும் பெஞ்சில் போய் உட்கார்ந்ததற்குப் படிப்பு ஆசை காரணம் இல்லை. கால்தான் காரணம். புதுச்சேரியில், சேதராப்பட்டில் சோப்பு பேக் செய்யும் கம்பெனியில் பல வருஷமாக நின்றுகொண்டே வேலை. முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருட்டிக்கொண்டு பச்சைப் பச்சையாகத் தடித்துவிட்டது. ராத்திரி படுத்தால் காலுக்குள் யாரோ துணி பிழிகிற மாதிரி இருக்கும். எங்கள் லைனில் உட்கார நாற்காலி உள்ள ஒரே ஆள் சூப்பர்வைசர். அந்த இடம் காலியானது.

வெளிநாட்டுக்குச் சரக்கு போக ஆரம்பித்துவிட்டதால் ரிப்போர்ட்டெல்லாம் ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்த ஆள்தான் வேண்டும் என்றார்கள். சாரம் பகுதியில் ஒரு சென்டரில் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குக் கம்பெனியே ஏற்பாடு செய்தது. கடைசி வகுப்பில் எழுதும் கட்டுரைகள் ஆபீசுக்குப் போகும், அதைப் பார்த்து ஆள் எடுப்பார்கள்.

நான் ஒன்பதாவதோடு நின்றவள். அப்பா வேலை பார்த்த பஞ்சு மில்லை மூடியபோது என் பள்ளிக்கூடமும் சேர்ந்து மூடிக்கொண்டது. மகளின் பாடப்புத்தகங்களை அவளோடு உட்கார்ந்து படித்துப் படித்துத்தான் ஓரளவு ஆங்கிலம் ஒட்டிக்கொண்டது. அதனால் வகுப்புக்குப் போகும் முன்பே பயம் பிடித்துவிட்டது. பேனா நின்றுவிட்டால்? மூன்று பேனா எடுத்துக்கொண்டேன். மிஸ் எழுந்து நின்று படிக்கச் சொன்னால்? பக்கத்தில் இருப்பவள் என் எழுத்தைப் பார்த்துவிட்டால்? சர்ச்சில் பூசை முடிந்து நேராக வகுப்புக்குப் போவேன். பூசை முழுக்க இதே நினைப்புதான்.

மிஸ் எங்கள் எல்லோரையும்விடச் சின்னப் பெண். வீட்டில் பிரெஞ்சு பேசுகிற குடும்பம். முதல் நாள் 'எங்கள் ஊர்' என்று கட்டுரை எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தோம். ஒவ்வொரு தாளாகப் புரட்டியவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"எல்லாரும் ரெஸ்பெக்டட் சார், குட் மார்னிங்னு ஆரம்பிச்சிருக்கீங்க. கடைசியில நன்றி வணக்கம். இது யாருக்கு?"

லைனில் எனக்குப் பக்கத்தில் நின்று சோப்பைப் பெட்டியில் அடுக்குகிறவள்தான் பதில் சொன்னாள். எதற்கும் வாய் சும்மா இருக்காது அவளுக்கு.

"படிக்கிறவங்களுக்குத்தான் மிஸ். எடுத்த எடுப்புல கடகடன்னு பேச ஆரம்பிச்சா, இன்னாடா இது மரியாத தெரியாத கூட்டம்னு நெனைக்க மாட்டாங்க?"

வகுப்பே சிரித்தது. மிஸ்ஸும் சிரித்தார். ஆனால் சிவப்புப் பேனாவை எடுத்து எல்லார் தாளிலும் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு போட்டார். எங்களுக்குத் தெரிந்த எழுத்து இரண்டுதான். ஒன்று ஆபீசில் கொடுக்கிற மனு, இன்னொன்று பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டி. இரண்டிலும் கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

அடுத்த வாரத்திலிருந்து சரியான பாடம். முதல் பத்தியிலேயே உன் கருத்து என்ன என்று சொல்லிவிட வேண்டும். அதற்குக் காரணங்கள் தர வேண்டும். உன் வாழ்க்கையிலிருந்து ஓர் உதாரணம் காட்ட வேண்டும். பிறகு எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதையும் நீயே எழுதி, அது ஏன் சரியில்லை என்று காட்ட வேண்டும். மிஸ் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளிடமே 'எனக்கு இதில் உடன்பாடு இல்லை' என்று எழுத வைப்பார்களாம். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நான் படித்த பள்ளியில் அப்படி எழுதியிருந்தால் அம்மாவைக் கூட்டிவரச் சொல்லியிருப்பார்கள்.

'பெண்களுக்கு நைட் ஷிப்ட் வேண்டுமா' என்று ஒரு தலைப்பு தந்தார். யாரும் பேனாவைத் திறக்கவில்லை.

"மிஸ், உங்களுக்கு வேணுமா வேணாமா? சொல்லிடுங்க, அதையே எழுதிடறோம்" என்றாள் பெட்டி அடுக்குகிறவள்.

"என் கருத்து எதுக்குக்கா? உங்களுது என்ன?"

"எங்களுக்குன்னு தனியா இன்னா இருக்கு மிஸ்!"

நான் வேண்டும் என்று பாதி, வேண்டாம் என்று பாதி எழுதி, இரண்டும் சரிதான் என்று முடித்தேன். யாருக்கும் கோபம் வராதே. மிஸ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, உங்களுக்கு ரொம்ப நல்லா எழுத வருது. ஆனா ஒளிஞ்சிக்கிறீங்க. தைரியமா ஒரு பக்கம் நில்லுங்க."

இதுவரை யாரும் எனக்கு எதுவும் நன்றாக வருகிறது என்று சொன்னதில்லை. அன்று சாரத்திலிருந்து வீடு வரைக்கும் அந்த ஒரு வார்த்தையைச் சுமந்துகொண்டு நடந்தேன். கால் வலித்ததே தெரியவில்லை.

கடைசிக் கட்டுரைக்குத் தலைப்பை ஆபீசே அனுப்பியிருந்தது: 'நம் கம்பெனி இன்னும் முன்னேற என்ன செய்யலாம்?' நான் மிஸ் சொல்லித்தந்த மாதிரியே எழுதினேன். லைனில் நிற்கிற பெண்களுக்கு ஆளுக்கு ஒரு ஸ்டூல் தர வேண்டும் என்பது என் கருத்து. உட்கார்ந்து வேலை செய்தால் மதியத்துக்கு மேல் கை தடுமாறாது, பெட்டியில் ஒட்டுகிற டேப் கோணலாகாது, பெட்டி திரும்பி வராது. உதாரணத்துக்கு என் காலை எழுதினேன். பிறகு எதிர்த்தரப்பு. உட்கார்ந்தால் தூங்கிவிடுவார்கள், வேகம் குறையும் என்று மேனேஜர் சொல்லக்கூடும். ஆனால் அவர் நாள் முழுக்க உட்கார்ந்துதான் வேலை பார்க்கிறார், அவர் தூங்குவதில்லையே என்று எழுதினேன்.

எழுதிவிட்டு மறுபடி மறுபடி சரிபார்த்தேன். ஓரத்தில் இடம் விட்டேனா, பத்தி பிரித்தேனா, முற்றுப்புள்ளி இருக்கிறதா. என்னென்னவோ பயந்தேன். எழுதியதை நினைத்து மட்டும் பயப்படவில்லை. மிஸ் படித்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பெட்டி அடுக்குகிறவள் வெளியே வரும்போது சிரித்தாள். "நான் பழையபடி ரெஸ்பெக்டட் சார் போட்டு, கம்பெனி எங்களுக்கு அம்மா மாதிரி, நாங்க இன்னும் கஷ்டப்பட்டு ஒழைப்போம்னு எழுதிட்டேன்க்கா. கீழ நன்றி வணக்கம். மிஸ் ரெண்டு கோடு போட்டுட்டாங்க. போடட்டும்."

ஒரு வாரம் கழித்து ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். கையைக் கழுவிக்கொண்டு, தலையைச் சரிசெய்துகொண்டு போனேன். எச்.ஆர். சார் மேஜைமேல் என் கட்டுரை இருந்தது.

"இது எசேவாம்மா, கம்ப்ளெய்ன்ட்டா?"

"எசே சார். மிஸ் இப்படித்தான்..."

"மேனேஜர் தூங்குறதில்லையேன்னு எழுதச் சொன்னாங்களா மிஸ்?"

எதிர்த்தரப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். எதிர் என்கிற வார்த்தையை அந்த அறையில் எப்படிச் சொல்வது? நின்றேன். அவருக்கு எதிரே ஒரு நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

"கால் சரியில்லன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. லைன் ஃபுல்லா ரவுண்டு வரணும், உங்களால முடியுமா? ஒடம்பப் பாத்துக்கங்க. போங்க."

சூப்பர்வைசர் வேலை அந்தப் பெட்டி அடுக்குகிறவளுக்குப் போனது. அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எல்லாரிடமும் சொல்கிறேன். அவள் இப்போது அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "அக்கா, பேச்ச கொறச்சிட்டு கைய ஓட்டு" என்கிறாள். சிரித்துக்கொண்டேதான் சொல்கிறாள். நானும் சிரித்துக்கொண்டே டேப் ஒட்டுகிறேன்.

சர்டிபிகேட் வாங்க ஒருநாள் சென்டருக்குப் போனேன். அடுத்த பேட்ச் உட்கார்ந்திருந்தது. அதுவும் எங்கள் கம்பெனி ஆட்கள்தான், வேறொரு லைனுக்கு சூப்பர்வைசர் எடுக்கிறார்களாம். மிஸ் முகம் மலர்ந்து ஓடி வந்தார்.

"அக்கா, உங்க எசேயத்தான் மாடலா குடுத்திருக்கேன். எப்படி எழுதணும்னு இதப் பாத்துக் கத்துக்கங்கன்னு சொன்னேன். ஆமா, போஸ்ட் என்ன ஆச்சு?"

"கெடைக்கல மிஸ்."

"ஏன்? உங்களுதுதான் எல்லாத்துலயும் பெஸ்ட்!"

அவர் உண்மையாகத்தான் கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கருத்துச் சொன்னால் கேட்கிற ஊரில் வளர்ந்தவர். அந்த ஊரும் இதே புதுச்சேரிதான், சாரத்திலிருந்து பத்து நிமிஷ தூரம். நான் சர்டிபிகேட்டை மடித்துப் பையில் வைத்தேன்.

படியிறங்கும்போது ஒரு பெண் பின்னாலேயே வந்தாள். புதிய பேட்ச்சில் முதல் பெஞ்சில் இருந்தவள். கையில் என் கட்டுரையின் ஜெராக்ஸ். செருப்பு வாரைத் தாண்டிக் கால் வீங்கியிருந்தது.

"அக்கா, நீங்கதான இத எழுதுனது? எனக்கும் இதே மாதிரி எழுதணும்."

சுற்றிப் பார்த்துக்கொண்டேன். மிஸ் காதில் விழுந்துவிடுமோ என்று பயம்.

"மேல ரெஸ்பெக்டட் சார் போடு. கம்பெனி நல்லா இருக்குன்னு எழுது. கீழ நன்றி வணக்கம் போடு. காலப் பத்தி மட்டும் எழுதிடாத."

"மிஸ் கோடு போட்டுடுவாங்களேக்கா."

"போடட்டும்" என்றேன்.

அவள் ஜெராக்ஸையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினேன்.