ரூத் டீச்சரின் விரல்

நாகமலை புதுக்கோட்டையில் கணக்கு டீச்சராக இருக்கும் ரூத், மாவட்டப் பெண்கள் கிரிக்கெட் போட்டிகளுக்கு அம்பயரும்கூட. இந்த சீசனில் மட்டும் சொந்த மகள் ஆஷ்லினுக்கே மூன்று முறை விரலைத் தூக்கி அவுட் கொடுத்துவிட்டார். மகள் வீட்டில் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

கணவர் இம்மானுவேல் கெஞ்சிப் பார்த்தார். "சந்தேகம் வந்தா பேட்டிங் பண்றவளுக்குத்தான சாதகம்? ஒரு தடவை நம்ம பிள்ளைக்குக் குடுத்தா என்ன?"

"எனக்குச் சந்தேகமே வரலையேங்க."

இறுதி ஆட்டத்தில் ஆஷ்லினின் மட்டையை ஒட்டிப் போன பந்தைக் கீப்பர் பிடித்து அப்பீல் செய்தாள். ரூத்துக்குச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. முதல்முறையாகச் சந்தேகம் வந்தது. "நாட் அவுட்" என்றார்.

பந்தலில் இருந்த இம்மானுவேல் எழுந்து கைதட்டினார். ஆஷ்லினோ கையுறையைக் கழற்றிக்கொண்டு வெளியே நடந்தாள்.

"பட்டுச்சும்மா," என்றாள், அம்மாவைக் கடக்கும்போது. பத்து நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

இம்மானுவேல் பொத்தென்று உட்கார்ந்தார். "ஒண்ணோடயே மாரடிக்க முடியல. இப்ப வீட்ல ரெண்டாகிப் போச்சு," என்றார் பக்கத்து நாற்காலிக்காரரிடம்.