ஆறாவது பிரதியின் பின்பக்கம்

ஜெர்மனியிலிருந்து வாடிக்கையாளர் வருகிறார் என்று மேசையை ஒழுங்குபடுத்தியபோது, நான் வரைந்திருந்த கேலிச்சித்திரத்தைப் பிரிண்டர் அருகிலிருந்த தட்டில் போட்டேன். ஒரு பக்கம் காலியாக உள்ள தாள்களை நாங்கள் அங்கேதான் சேர்ப்போம்.

படத்தில் நாடுகள் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்திருந்தன. அமெரிக்கர் மேசைமேல் காலை நீட்டியிருந்தார். ஆங்கிலேயர் பக்கத்து நாட்டின் காலை மிதித்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டார். ஜெர்மானியருக்குத் தலை இருக்கவேண்டிய இடத்தில் கடிகாரம். இந்தியரின் தலை மட்டும் ஆமாமா இல்லையா என்று புரியாதபடி பல கோடுகளாக ஆடியது.

மறுநாள் கூட்டத்துக்கு என் பட்டியலில் ஏழு வேலைகள். ஏழையும் முடித்து டிக் அடித்தேன். கூட்டத்துக்கான அறிக்கையின் ஐந்தாவது பிரதியோடு நல்ல தாள் தீர்ந்ததால், எனக்கான ஆறாவதை மட்டும் தட்டுத் தாளில் அச்சிட்டேன். பின்பக்கத்தைப் பார்ப்பது பட்டியலில் இல்லை.

மேலாளர் ஆறு பிரதிகளையும் என் கையிலிருந்து வாங்கி அவரே விநியோகித்தார். எனக்கு வந்த அறிக்கையின் பின்பக்கம் சுத்தமாக இருந்தது. எதிரே ஜெர்மன் விருந்தினர் கடைசித் தாளைத் திருப்பினார். என் கோடுகள் தெரிந்தன.

வேலையில் சேர்ந்து நான்கு மாதம், இன்னும் நிரந்தரமாகவில்லை. கோலார் தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு பெங்களூர் பக்கம் ஹெப்பகோடிக்கு வந்த எங்கள் வீட்டில் வேலைக்குப் போகிறவள் நான் ஒருத்திதான்.

விருந்தினர் படத்தை வெகுநேரம் பார்த்தார். சிரிக்கவில்லை. ஆடும் தலைமேல் விரலை வைத்து மேலாளரிடம் ஆங்கிலத்தில் கேட்டார்: "இருபதாம் தேதிக்குள் வேலை முடியுமா என்று நேற்று வீடியோ அழைப்பில் கேட்டேன். நீங்கள் இப்படித்தான் ஆட்டினீர்கள். அது ஆமாமா, இல்லையா?"

மேலாளர் என்னைப் பார்த்தார். அவருக்காகச் செய்யும் மென்பொருளில் இரண்டு பகுதிகள் இன்னும் சோதிக்கப்படவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"இல்லை. இன்னும் மூன்று வாரம் வேண்டும்" என்றேன்.

விருந்தினர் அதைக் குறித்துக்கொண்டார். படத்தை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். எதற்கென்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

விருந்தினரின் கார் கிளம்பிய பிறகு லிஃப்டில் நானும் மேலாளரும் மட்டும்.

"ஏன்ம்மா, ஆபீஸ்ல பேப்பருக்கு அவ்ளோ பஞ்சமா?"

"சாரி சார்."

"மூணு வாரம்னு நீதானே சொன்னே. நீயே முடி. ஆகலேன்னா ரெண்டு பேரும் சேந்து வீட்டுக்குப் போலாம்."

தலையாட்டப் போனேன். நிறுத்திக்கொண்டு, "சரி சார், முடிக்கிறேன்" என்று வாயால் சொன்னேன்.

இருக்கைக்கு வந்து புதுப் பட்டியல் எழுதினேன். முதல் வரி: தாளின் பின்பக்கத்தைப் பார்க்கவேண்டும்.