சத்தம் இருந்தால்தான் பேச்சு

களிக்கு இன்னொரு கரண்டி அவரைக்கொட்டைக் குழம்பு வேண்டுமென்றால் திம்மராயன் முதலில் எட்டி ரேடியோவைத் திருகுவார். பெங்களூர் நிலையத்தில் யாரோ கன்னடத்தில் வேளாண்மைக்கு யோசனை சொல்லிக்கொண்டிருப்பார்கள். பாட்டோ செய்தியோ, அவருக்கு எல்லாம் ஒன்றுதான். அது இரையத் தொடங்கிய பிறகே வாய் திறக்கும். "இன்னங் கொஞ்சம் ஊத்து நாராயணம்மா!" என்பார். மூக்கண்டப்பள்ளியில் அவர் குடியிருக்கும் வரிசையில் ஒட்டி ஒட்டி ஏழெட்டு வீடுகள். கடைசி வீட்டுக்காரிக்கும் திம்மராயனுக்குக் குழம்பு போதவில்லை என்பது தெரிந்துவிடும்.

"மெல்லப் பேசுய்யா, ஊரே கேக்குது" என்பாள் மனைவி நாராயணம்மா.

"நா மெல்லத்தான பேசறன்!" என்று கத்துவார் அவர்.

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் வேலை. தகட்டை வைத்துப் பெடலை மிதித்தால் மேலேயிருந்து இறங்குகிற அடியில் தரை அதிரும். அப்படி ஒரு ஷெட் நிறைய மிஷின்கள். அதற்குள் ஒரு வார்த்தை பேசவேண்டுமென்றால் அடிவயிற்றிலிருந்து எடுக்க வேண்டும். மூலையில் எதிரெதிராக இரண்டு மிஷின்கள். ஒன்று இவருடையது, மற்றது சென்னப்பனுடையது. ஷிஃப்ட் முழுக்க இவர் சென்னப்பனோடு பேசித் தீர்ப்பார். மாமனார் ஊரான கல்லாவியில் மழை பெய்தது, குந்தாரப்பள்ளிச் சந்தையில் பிடித்துவந்த மாடு உதைக்கிறது, மச்சான் பெண் பார்க்கப் போய்ப் பெண்ணின் அக்காவைப் பார்த்துவிட்டு வந்தது என்று பாதித் தமிழும் மீதி தெலுங்கும் கன்னடமுமாகக் கதை ஓடும். இருவர் கண்ணும் தகட்டை விட்டு நகராது. முகம் பார்த்துப் பேசுகிற சௌகரியம் அந்த வேலையில் கிடையாது.

கரண்ட் போனால்தான் சங்கடம். ஷெட் சட்டென்று அடங்கும். மச்சான் கதையின் நடுவில் இருக்கும் திம்மராயனும் அடங்கிவிடுவார். "அப்பறம் என்னாச்சி?" என்று சென்னப்பன் எத்தனை கேட்டாலும் தலையைச் சொறிவார். கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். நாராயணம்மாவுக்கும் இது அத்துப்படி. சண்டை முற்றினால் அவள் வாதாடிக்கொண்டிருக்க மாட்டாள். எழுந்துபோய் ரேடியோவை அணைத்துவிடுவாள்.

இவ்வளவு பெரிய தொண்டையை வீணாக்குவானேன் என்று சங்கத்துக்காரர்கள் நினைத்தார்கள். ஒரு மே தினத்தன்று கம்பெனி வாசலில் கூட்டம். நாலு வார்த்தை பேசுங்கள் என்று அவரை ஸ்டூல் மேல் ஏற்றிவிட்டார்கள். கூட்டம் மரியாதையாக வாயை மூடிக்கொண்டது. அதுதான் வினையாகப் போயிற்று. அத்தனை முகங்களும் சத்தமில்லாமல் அவரையே பார்த்தன. கால் ஆடிய ஆட்டத்தில் ஸ்டூல் தடதடத்தது. எதிர்ப்படுகிறவர்களை எல்லாம் அன்றாடம் விசாரிக்கிற ஒரே ஒரு வாசகம்தான் கைகொடுத்தது.

"எல்லாருக்கும் ஊட்டா ஆய்த்தா?"

சாப்பாடு ஆயிற்றா என்று கன்னடத்தில் நலம் விசாரித்துவிட்டு இறங்கிவிட்டார். அதிலிருந்து கேன்டீனில் அவர் தட்டோடு வந்தால் நாலு மேஜையிலிருந்து "ஆய்த்து சாமி, ஆய்த்து" என்று குரல் வரும். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஆனால் அப்புறம் எந்தக் கூட்டமானாலும் அவர் நிற்குமிடம் சைக்கிள் ஸ்டாண்டுதான். கல்யாண வீட்டில் மைக் செட்காரன் ஒன்று இரண்டு மூன்று சொன்னால்கூட அவர் பந்தலை விட்டு வெளியே வந்துவிடுவார்.

சென்னப்பனின் வலது கையில் இரண்டு விரல் போகாதிருந்தால் அப்படியே சைக்கிள் ஸ்டாண்டில் காலத்தைத் தள்ளியிருப்பார்.

மிஷினுக்குள் கை போகாதபடி முன்னால் கம்பித் தடுப்பு ஒன்று இருக்கும். கார்டு என்பார்கள். அது இருந்தால் தகடு மாற்ற நேரம் பிடிக்கும். அவசர ஆர்டர் என்று சூப்பர்வைசரே பக்கத்தில் நின்று, மூலையிலிருந்த இரண்டு மிஷின்களின் கார்டையும் கழற்ற வைத்தார். அந்த வாரமே சென்னப்பனின் விரல்கள் போயின. அன்று சாயங்காலமே இரண்டு கார்டும் பழையபடி ஏறிவிட்டன. கூடுதல் உற்பத்திக் காசுக்கு ஆசைப்பட்டுச் சென்னப்பனே கழற்றிவிட்டான், அதனால் வேலைநீக்கம் என்று கம்பெனி அறிவித்தது. மற்ற ஷாப் ஆட்கள் பலர் அதை நம்பவும் செய்தார்கள். சங்கம் வாசலில் கூட்டம் போட்டது. எல்லாரும் கை தூக்கினால் அவனுக்காக ஸ்டிரைக். தூக்காவிட்டால் இரண்டு விரலோடு அவன் பிழைப்பும் போயிற்று.

சங்கச் செயலாளர் சுடலைமுத்து திருநெல்வேலிக்காரர். டீக்கடையில் திம்மராயனைப் பிடித்துக்கொண்டார்.

"நான் பேசினா சங்கத்துக்காரன் கத விடுதாம்பானுவ. கண்ணால பாத்தவரு நீருதான். நீருதான் சொல்லணும் வே."

"நா வேண்ணா பக்கத்துல நிக்கறங்க. நீங்களே பேசிருங்க."

"பக்கத்துல நிக்கதுக்கு ஆளா இல்ல?" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

கூட்டத்தன்று காலையில் திம்மராயனுக்குக் களி இறங்கவில்லை. ரேடியோவைத் தொடவுமில்லை. நாராயணம்மாதான் அதைத் திருகிவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"பேசினா வேல போயிருமின்னு பயமாய்யா?"

"வேல போனா மண்ணு சொமந்து பொழச்சிக்கலாம். அத்தினி பேரும் கம்முனு என்னியே பாப்பாங்கடி. அதத்தான் தாங்க முடியல."

"அவன் பொண்டாட்டி நேத்து வந்து ரொம்ப நேரம் ஒக்காந்திருந்தா. ஒண்ணும் கேக்கல. போய்ட்டா."

அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

காலை ஷிஃப்ட் விட்டு வெளியே வந்தவர்களும் அடுத்த ஷிஃப்டுக்கு வந்தவர்களுமாக வாசல் கொள்ளாத கூட்டம். சுடலைமுத்து அழைத்ததும் திம்மராயன் ஸ்டூலில் ஏறினார். மறுபடியும் அதே அமைதி, அதே முகங்கள். மைக் மட்டும் லேசாக ரீங்கரித்தது. வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. கடவுளே, இறங்கிவிடலாமா என்று கீழே பார்த்தார். முன் வரிசையில் கட்டுப் போட்ட கையோடு சென்னப்பன் நின்றான். அவன் இவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குறும்புக்காரன் குரல் கொடுத்தான். "எங்களுக்கு ஊட்டா ஆய்த்து திம்மராயண்ணா!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. விசில் பறந்தது. யாரோ டிபன் டப்பாவில் தாளம் போட்டார்கள். சுடலைமுத்து "அமைதி, அமைதி" என்று போட்ட கூச்சலும் அதோடு சேர்ந்துகொண்டது. போதாததற்கு ரோட்டில் வழி கிடைக்காத கம்பெனி பஸ் ஹாரனை விடாமல் அடித்தது. வேறு யாராவது என்றால் அவமானத்தில் குறுகிப்போயிருப்பார்கள். திம்மராயனுக்கோ ஷெட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. தொண்டை தானாகத் திறந்துகொண்டது. மைக்கை ஒரு கையால் ஒதுக்கினார். கட்டுப் போட்ட அந்தக் கையின் மேல் கண்ணை வைத்தார்.

"சென்னா! கார்டு நீ கழட்டினியாடா? சூப்பர்வைசரு நின்னு கழட்டச் சொன்னாருடா! ஒன்னுதும் என்னுதும் ஒண்ணாத்தான கழட்டினாங்க! நானுந்தான் உள்ள கை வுட்டு வுட்டு எடுத்தன்! ஒன்னுது போச்சி! என்னுது இருக்குது, அவ்ளோதான்! நீ ஆஸ்பத்திரில கெடக்கற, இங்க சாயந்திரமே மாட்டிட்டாங்க! நா பாத்துக்கினுதான் இருந்தன்!"

முன் வரிசைக்காரர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்றவர்கள் நிறுத்தினார்கள். டப்பாத் தாளம் நின்றது. பஸ் டிரைவர்கூட என்ன சேதி என்று ஹாரனிலிருந்து கையை எடுத்தான். இது எதுவும் தெரியாமல் திம்மராயன் கத்திக்கொண்டே போய், மூச்சு வாங்கத் தலையை நிமிர்த்தினார்.

ஒரு சத்தமும் இல்லை. அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டூல் மறுபடி தடதடக்க ஆரம்பித்தது. இறங்க ஒரு காலைக்கூடத் தூக்கிவிட்டார். ஆனால் சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி இருந்தது. தூக்கிய காலைத் திரும்ப ஊன்றிக்கொண்டார். இந்த முறை கண்ணைத் தாழ்த்தவில்லை. பிரஸ் ஷாப்புக்கு வந்த நாளிலிருந்து யாரும் அவரிடம் கேட்டிராத ஒரு சின்னக் குரலில், எதிரே இருந்த முகங்களிடமே சொன்னார்.

"அவன் கழட்டலைங்க. எதிர் மிஷினு என்னுதுதான். எங்க வேண்ணாலும் வந்து சொல்றன்."

முதலில் பிரஸ் ஷாப்காரர்கள் கை தூக்கினார்கள். பிறகு பெயின்ட் ஷாப், அப்புறம் எது எந்த ஷாப் என்று பிரிக்க முடியவில்லை. கேலி பண்ணியவனும் தூக்கினான். சுடலைமுத்து மைக்கைப் பிடுங்கி என்னவோ முழங்கினார். அது திம்மராயன் காதில் ஏறவில்லை. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு இறங்கி, நேரே சென்னப்பனிடம் வந்தார்.

"அண்ணா..." என்றான் சென்னப்பன். திம்மராயன் கட்டுப் போட்ட அந்தக் கையை வலிக்காதபடி மணிக்கட்டில் பிடித்துத் தூக்கி, பிரஸ் மாதிரி அடித்துக்கொண்டிருந்த தன் நெஞ்சின் மேல் வைத்துக்காட்டினார்.