ஏரிக்கரை கேண்டீன்

போன வாரம் ராணிப்பேட்டையில் ஒரு பழைய இரும்புக் கடை வாசலில் அன்னப் படகு ஒன்று கழுத்து உடைந்து கவிழ்ந்து கிடந்தது. வண்டியை நிறுத்திப் பார்த்தேன். முதலில் ஞாபகம் வந்தது நாற்றம்தான். அழுகின முட்டையைச் சுண்ணாம்பில் குழைத்து வெயிலில் வைத்த மாதிரி. சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறீர்கள் என்றால் மன்னித்துவிடுங்கள்.

அந்தப் பக்கத்து ஏரி ஒன்றைச் சுற்றுலாத் தலமாக்க வந்த ஒரு தனியார் கம்பெனியில்தான் எனக்கு முதல் வேலை. 'சமூக ஒருங்கிணைப்பாளர்' என்று பதவி. செய்தது பேனர் கட்டுவதும் மைக் பிடிப்பதும். ஏரியில் தோல் பதனிடும் டேனரிகளின் கழிவுத் தண்ணீர் நுரைத்து நின்றது. விளம்பரப் படத்தில் மட்டும் அதைக் கம்ப்யூட்டரில் நீலமாக்கினார்கள். அந்தப் படத்தைக் காட்டித்தான் எங்கள் மேனேஜர் ஊர் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்களிடம், "கேண்டீன் உங்க குழுவுக்குத்தான்" என்று வாக்குக் கொடுத்தார்.

குழுத் தலைவி செல்வியக்கா ஷூ கம்பெனியில் மிஷின் தைத்தவர். கேண்டீனுக்காக நாங்கள் நடத்திய சமையல் பயிற்சிக்கு லீவு கிடைக்காததால் வேலையையே விட்டார். அவர் வாழைக்காய் பஜ்ஜி போட்டால் கொஞ்ச நேரம் ஏரியின் நாற்றம் மறந்துபோகும். பயிற்சியில் நான் கற்றது ஒன்றுமில்லை, தின்றது ஜாஸ்தி.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் கேண்டீனில் வேறு யாரோ அடுப்பு வைத்துக்கொண்டிருந்தார்கள். டெண்டரில் வேலூர்க்காரர் ஒருவருக்குப் போய்விட்டதாம்.

"உங்கள விட்டுடுவோமா? டாய்லெட் பராமரிப்பு உங்களுக்குத்தாம்மா" என்றார் மேனேஜர்.

செல்வியக்கா குரலை உயர்த்தவில்லை. "பஜ்ஜி போட இட்டாந்துட்டு கக்கூஸ் கழுவச் சொல்றீங்க. இன்னா சார் இது?"

"வேலைல இன்னாம்மா மேல, கீழ?" என்றார் அவர், கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டே. இன்றைக்கும் அந்தக் கர்ச்சீப்பை நினைத்தால் எனக்குக் குமட்டுகிறது.

செல்வியக்கா வாணலியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். குழுவில் இரண்டு பேர் மட்டும், வீட்டுக் கஷ்டத்தில், அந்த வேலைக்குச் சேர்ந்தார்கள். மற்றவர்கள் அவர்களோடு பேச்சை நிறுத்தினார்கள்.

விழாவன்று முதல் அன்னப் படகில் ஏறிய குடும்பம் பாதி ஏரிகூடத் தாண்டவில்லை. குழந்தை வாந்தி எடுத்தது. மழைக்காலத்துக்குள் ஜனம் வருவது நின்று, கேண்டீனும் டாய்லெட்டும் பூட்டப்பட்டன. எங்கள் கம்பெனி இன்னொரு ஏரியைப் பார்த்துக்கொண்டு போனது. நான் கூடப் போகவில்லை.

ஷூ கம்பெனி செல்வியக்காவை மறுபடி சேர்த்துக்கொள்ளவில்லை. அதன் கேட்டுக்கு எதிரிலேயே தள்ளுவண்டி போட்டார். இரும்புக் கடையிலிருந்து நேரே அங்கேதான் போனேன். பேப்பரில் பஜ்ஜி வைத்துக் கொடுத்தார்.

"குழு நடக்குதாக்கா?"

"அது அப்பவே ஒடஞ்சு பூட்ச்சு தம்பி. அந்த ரெண்டு பேரும் எதிர்ல வந்தா நான் இந்தப் பக்கம் திரும்பிக்கிறேன், அவுங்க அந்தப் பக்கம்."

முன்பெல்லாம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட வராந்தாவில் பாய் விரித்து உட்காருவார்கள். ஒருத்தியின் மாமியாரை இன்னொருத்தி நடித்துக் காட்ட, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பார்கள். கூட்டம் நடத்தப் போன நான் மைக்கை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். இப்போது தெருக்குழாயில்கூட ஒருத்தி தண்ணீர் பிடித்துக்கொண்டு போன பிறகுதான் இன்னொருத்தி குடத்தோடு வெளியே வருகிறாளாம்.